வசந்தி சொல்லாத வரி

1

என் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு ஒருவன் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனான். கூடப்பிறந்த தங்கையின் இடது கையை மணிக்கட்டுக்கு மேலே வெட்டினான். நேற்றோடு இரண்டு வருடம் ஆகிறது.

நேற்றும் வழக்கம்போல வேலைக்குப் போனேன். ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரத்துக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கு. தயிர், வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் ஊர் வாரியாகப் பிரித்து வண்டியில் ஏற்ற வேண்டும். பதினொரு வருடமாக இதே வேலைதான். இடைவேளையில் கையுறையைக் கழற்றிவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மதுரையிலிருந்து போன். என் பயணக் கட்டுரைகளை வெளியிடும் இணைய இதழின் ஆசிரியர். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"அண்ணே, பயணச் சிறப்பிதழ் ஒண்ணு கொண்டு வாரோம். அந்தப் புதுவயல் மில்லுக் கட்டுரைய மறுபடி போட்ருவமா? இன்னைக்கு வரைக்கும் அதத்தாண்ணே நெறையப் பேரு படிச்சிருக்காக."

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"கீழ ஒரு குறிப்பு மட்டும் சேத்துக்குவோம். அதுக்குப் பெறகு இப்படி இப்படி நடந்துபோச்சுன்னு. இன்னும் வெயிட்டா இருக்கும்ணே."

"வேணாம் தம்பி. வேற ஒண்ணு எழுதித் தர்றேன்."

அதுதான் இது. போடுவதும் போடாததும் அவர் இஷ்டம்.

2

நான் புதுவயல்காரன். காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிசி மில்லு ஊர். அப்பா மில்லில் மூட்டை தூக்கினார். அண்ணன் பழனி அங்கேயே உரக்கடை வைத்திருக்கிறார். நான் தமிழ் இலக்கியம் படித்துவிட்டுத் தனியார் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். என் மனைவி தேவி நர்ஸ். அவளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து முதலில் வந்தாள். மூன்று வயது நிலாவைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். விசாத் தாளில் என் பெயருக்கு எதிரே 'சார்ந்திருப்பவர்' என்று போட்டிருந்தார்கள். அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் எழுத ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம். விடுமுறை நாளில் ரயில் ஏறிப் போய் எதையாவது பார்த்துவிட்டு வந்து எழுதினால், ஊரில் நாலு பேர் என்னை எழுத்தாளர் என்பார்கள்.

முதல் இரண்டு வருடம் கோட்டை, ஆறு, தேவாலயம் என்று எழுதினேன். யாரும் படிக்கவில்லை. ஆசிரியர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "அண்ணே, இதெல்லாம் கூகுள்லயே கெடக்கு. ஒங்களுக்கு என்ன ஆச்சு? அத எழுதுங்க."

"எனக்கு ஒண்ணும் ஆகலையே தம்பி" என்றேன்.

பிறகு ஆனது. ஒரு சனிக்கிழமை பிற்பகல், கிழக்கே ஒரு சின்ன ஊரில் கண்ணாடிப் பட்டறை பார்க்கப் போயிருந்தேன். கூட நிலா இருந்தாள், ஒன்பது வயது. திரும்பி வரும்போது கால்பந்தாட்டம் பார்த்துவிட்டு மூன்று பேர் எங்கள் பெட்டியில் ஏறினார்கள். நன்றாகக் குடித்திருந்தார்கள். ஒருவன் என் தொப்பியைத் தட்டிவிட்டான். குனிந்து எடுத்தேன். மறுபடி தட்டிவிட்டான். இரண்டாம் தடவை குனிந்தபோது முழங்காலால் என் வாயில் இடித்தான். பல் உடைந்த சத்தம் வெளியே கேட்டதா, மண்டைக்குள் மட்டும் கேட்டதா என்று தெரியவில்லை. கீழே விழுந்ததும் மூன்று பேரும் மிதித்தார்கள். நிலாவை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு அவளுக்கு மறைப்பாகக் கிடந்தேன். விலாவில் ஒரு மிதி விழுந்ததும் மூச்சு நின்றே போயிற்று. பெட்டியில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். ஒரு கிழவர் மட்டும் எழுந்து கத்தினார். மற்றவர்கள் சன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

அடுத்த நிலையத்தில் போலீஸ் வந்தது. கோணிப்போன வாயை வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் சொன்னேன். அந்த மொழியில் ஒரு சின்னத் துணைச்சொல்லை மாற்றிப் போட்டால் 'என்னை அடித்தார்கள்' என்பது 'நான் அடித்தேன்' ஆகிவிடும். நான் மாற்றித்தான் போட்டேன். அதிகாரி பேனாவை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார். நிலாதான் அழுதுகொண்டே அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துத் திருத்தினாள்.

விலாவில் கட்டோடு படுத்தபடி அதை எழுதினேன். எழுதிய வேகத்தில் ஆசிரியர் போட்டார். ஒரே வாரத்தில் அதுவரை நான் எழுதிய எல்லாவற்றையும்விட அதிகம் பேர் அதைப் படித்தார்கள். உங்களில் எத்தனையோ பேர் ஆறுதல் சொல்லி எழுதினீர்கள். ஆசிரியர் கூப்பிட்டு, "இதுதாண்ணே கதை" என்றார்.

எனக்கும் அது பிடித்துப்போனது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

3

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் கோட்டையை விட்டுவிட்டுக் காயத்தைத் தேடினேன். இறைச்சி ஆலை நிறைந்த ஓர் ஊரில், அறுக்கும் இயந்திரத்துக்கு மூன்று விரலைக் கொடுத்த ருமேனியக்காரர் கிடைத்தார். போலந்து எல்லையில், சிறு பிள்ளையாக இருந்தபோது சிப்பாய்கள் தன் தாயை இழுத்துப் போனதைப் பார்த்த ஒரு மூதாட்டி. முதுகு முழுக்கத் தீப்புண் தழும்போடு ஒரு சிரியா நாட்டு முடிதிருத்துநர். போனில் ஒலிப்பதிவைப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும், மனிதர்கள் சொல்லிவிடுவார்கள். அது கைவந்த பிறகு எனக்குக் கதைக்குப் பஞ்சமே இல்லை.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. தங்கள் கதையை எப்படி முடிப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. உச்சத்தில் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவார்கள். விரல் போன ருமேனியக்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "பஸ் வந்துவிட்டது" என்று எழுந்து போய்விட்டார். ஆகவே முடிவு வரியை நான் எழுதினேன். 'இயந்திரம் என் விரலைத்தான் தின்றது, என்னைத் தின்ன முடியவில்லை' என்று அவர் சொன்னதாகப் போட்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். அவர்கள் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் ஒருவரும் வந்து, நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். "செட்டிநாட்டைப் பத்தி ஒரு தொடர் குடுங்கண்ணே" என்று ஆசிரியர் கேட்டிருந்தார். பெரிய வீடு, பர்மாத் தேக்கு, கோழிக்குழம்பு எல்லாம் எல்லோரும் எழுதித் தீர்த்தவை. நான் எங்கள் ஊர் மில்லுகளுக்குப் போனேன். நாட்டரசன்கோட்டைக்கு வரும் சுற்றுலாப் பயணி புதுவயல் வருவதில்லை. அங்கே பார்க்க உமியும் புகையும் லாரியும்தான் உண்டு.

ஒரு மில்லில் அவித்த நெல் களத்தில் ஆவி பறக்கப் பரந்து கிடந்தது. மூன்று பெண்கள் நெல் தள்ளும் பலகையால் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் சின்னவள்தான் வசந்தி. இருபத்து மூன்று வயது இருக்கும். அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. இதில் வருகிற எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். பலகையைத் தூக்கும்போது அவளுடைய ஒரு தோள் மற்றதைவிட இறங்கியே இருந்தது. அது என் கண்ணில் பட்டுவிட்டது. என் தொழிலுக்கு அந்தக் கண் பழகியிருந்தது.

சாப்பாட்டு வேளையில் போய் உட்கார்ந்து, வெளிநாட்டில் இருக்கும் உள்ளூர்க்காரன் என்று சொன்னேன். அண்ணன் பழனியின் கடை தெரியும் என்றாள். தயங்கித் தயங்கித்தான் சொல்ல ஆரம்பித்தாள். சிங்கம்புணரிப் பக்கம் விவசாயக் குடும்பம். அறுவடை இயந்திரத்தோடு வந்த லாரி டிரைவர் சேகரோடு பழக்கம். வேறு சாதி. விஷயம் தெரிந்ததும் அண்ணன் செல்வம் அவளை மாட்டுக் கொட்டடியில் வைத்து மண்வெட்டிக் காம்பால் அடித்தான். தோள் எலும்பு உடைந்தது. மூன்று நாள் வைத்தியம் இல்லாமல் பூட்டி வைத்தார்கள். நாலாம் நாள் கூரை ஓடுகளைப் பிரித்துக்கொண்டு ஏறிக் குதித்து ஓடி வந்தாள். ஒன்றரை வருடமாக மில்லுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறார்கள்.

"எங்கன பாத்தாலும் வெட்டுவேன்னு சொல்லிவிட்ருக்காண்ணே" என்றாள். பிறகு என் போனைப் பார்த்தாள். "இதெல்லாம் எதுல போடுவீக?"

"இன்டர்நெட்ல ஒரு புத்தகம்மா. பேரெல்லாம் போட மாட்டேன்."

"பேரு போட்ராதீகண்ணே. மூஞ்சியும் வேணாம். ஒங்கள நம்பித்தான் சொல்றேன்."

பக்கத்தில் இருந்த பாண்டியம்மா என்ற மூத்த பெண் எச்சில் கையோடு என்னை முறைத்தாள். "இவுக எழுதி ஒனக்கு என்னாடி ஆகப்போவுது?"

சிரித்து மழுப்பினேன்.

4

பெயரை மாற்றினேன். முகம் போடவில்லை. நெல்லுக்குமேல் அவளுடைய இரண்டு கைகள் மட்டும் தெரிகிற படம் ஒன்றைப் போட்டேன். மில்லின் பெயரையும் எழுதவில்லை. ஆனால் சிங்கம்புணரியை எழுதினேன். மண்வெட்டிக் காம்பை எழுதினேன். பிரித்த கூரை ஓடுகளையும் எழுதினேன். அவையெல்லாம் இருந்தால்தான் கதை நிற்கும் என்று நினைத்தேன். தங்கையை அப்படி அடித்தவனுக்கு அது யார் கதை என்று தெரிய வேறு என்ன வேண்டும்?

முடிவு வரியாக இப்படிப் போட்டேன்: 'பலகையை ஊன்றிக்கொண்டு அவள் சிரித்தாள். "அவனுக்கும் ரெண்டு கை, எனக்கும் ரெண்டு கை. வரட்டும், பாப்போம்."'

அந்த வரியைத்தான் நீங்கள் படமாக்கிப் பகிர்ந்தீர்கள். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எழுதினீர்கள். நான் கிடங்கில் தயிர் டப்பாக்களுக்கு நடுவே நின்று ஒவ்வொன்றையும் படித்தேன்.

அப்படி வந்த செய்திகளில் ஒன்று: "சார் நானும் சிங்கம்புணரி பக்கம்தான். படிச்சுட்டுக் கண்ணு கலங்கிருச்சு. அந்தத் தங்கச்சிக்கு எதாச்சும் செய்யணும்னு இருக்கு. எந்த மில்லுன்னு மட்டும் சொன்னீகன்னா நல்லது."

நான் பத்து நிமிடத்தில் பதில் போட்டேன். எந்தச் சாலை, எத்தனையாவது மில், நீலத் தகரக் கதவு, எல்லாம் எழுதி, கீழே 'உங்கள் அன்புக்கு நன்றி' என்றும் போட்டேன்.

செய்தி அனுப்பியவன் செல்வம்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவன் மோட்டார் சைக்கிளில் வந்து நீலக் கதவுக்கு வெளியே நிறுத்தினான். சேகர் லாரியோடு காரைக்குடிக்குப் போயிருந்தான். களத்தில் மூன்று பெண்களும் இருந்தார்கள். வசந்தி குனிந்து பலகையை இழுத்துக்கொண்டிருந்ததால் அவன் பக்கத்தில் வரும்வரை பார்க்கவில்லை. முதல் வீச்சு கழுத்துக்குத்தான் வந்தது. நிழலைப் பார்த்து அவள் கையைத் தூக்கினாள். கை நெல்லில் விழுந்தது. அவள் ஓடவில்லை, விழுந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவன் அவளுடைய கொண்டையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, "ரெண்டு கையாம்ல ஒனக்கு? ரெண்டு கையாம்ல?" என்று கேட்டான். கேட்டுவிட்டு மறுபடி ஓங்கினான்.

பாண்டியம்மா பலகையைச் சுழற்றி அவன் காதோடு சேர்த்து அடித்தாள். அவன் தடுமாறியதும் முழங்கையில் ஒன்று, முட்டியில் ஒன்று. அரிவாள் கீழே விழுந்தது. பலகை உடைந்து கைப்பிடி மட்டும் மிஞ்சியபோதும் அவள் நிறுத்தவில்லை. அவன் நொண்டிக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டான். அவித்த நெல் சூடாக இருந்ததால் ரத்தம் பட்ட இடத்திலும் ஆவி எழும்பியது என்று பாண்டியம்மா பின்னாளில் சாட்சிக் கூண்டில் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தை நான் வாழ்நாளில் எழுதியிருக்க முடியாது.

கையைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோனார்கள். தேவி இங்கே அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். நான் விஷயத்தைச் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "கையை எதுல வச்சுக் கொண்டுபோனாங்க?" சொன்னேன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சுத்தமான துணியில சுத்திக் கவர்ல போட்டு, அந்தக் கவர ஐஸ்ல வச்சுச் சீக்கிரமாக் கொண்டுபோயிருந்தா ஒட்டிப் பாத்திருக்கலாம்" என்றாள். பிறகு, "ஏன் அட்ரஸ் குடுத்தீங்க?" என்றாள். அவ்வளவுதான். ஒரு மாதம் என்னிடம் தேவைக்குமேல் பேசவில்லை.

5

செல்வத்தைப் பிடித்தார்கள். அவன் சொன்னது இதுதான்: தங்கைமேல் எனக்குக் கோபமே கிடையாது, அன்றைக்கு நான் புதுவயல் பக்கமே போகவில்லை, காயம் வண்டியிலிருந்து விழுந்தது. களத்தில் இருந்த மூன்றாவது பெண் விசாரணையில் எதையும் பார்க்கவில்லை என்று மாறிவிட்டாள். பாண்டியம்மா மாறவில்லை. ஆனால் அவள் வசந்தியின் சிநேகிதி, பொய் சொல்கிறாள் என்றது எதிர்த்தரப்பு. மீதி இருந்தது என் போன்தான். அதில் வசந்தி பேசிய ஒலிப்பதிவும் இருந்தது, செல்வம் அனுப்பிய செய்தியும் என் பதிலும் இருந்தன.

காணொளியில் சாட்சி சொல்லலாம் என்றார்கள். பிறகு மூலப் போனே கையில் வேண்டும், அதற்கு நான் ஒரு சான்றிதழும் தர வேண்டும் என்றார்கள். அதே சமயம் இங்கே என் குடியிருப்பு அட்டை காலாவதியாகும் நிலையில் இருந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் இரண்டு மாதத்துக்கு நேரமே கிடைக்கவில்லை. அட்டை இல்லாமல் கிளம்பினால் திரும்பி வருவது சந்தேகம். விடுப்பு விண்ணப்பத்தில் இன்னொரு கூத்து. ஜெர்மன் மொழியில் நீதிமன்றத்துக்கும் சமைத்த பண்டத்துக்கும் ஒரே சொல், 'கெரிஷ்ட்'. 'ஓர் இந்திய கெரிஷ்டுக்காக மூன்று வாரம் விடுப்பு வேண்டும்' என்று நான் எழுதியதை மேற்பார்வையாளர் சத்தமாகப் படித்தார். கிடங்கே சிரித்தது. "அப்படி என்ன பிரியாணி?" என்றார். ஒரு பெண்ணின் கையை வெட்டிய வழக்கு என்று நான் சொன்னதும், கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டிவிட்டு அன்று முழுவதும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

சாட்சிப் பட்டியலில் என் பெயர் வந்த வாரம் அண்ணன் பழனியின் கடைக்கு நாலு பேர் போனார்கள். மூட்டைகளைக் கிழித்து உரத்தைத் தெருவில் கொட்டினார்கள். தடுத்த அண்ணனைக் கீழே தள்ளி இரும்புக் குழாயால் வலது முட்டியில் அடித்தார்கள். அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து பேசினார்.

"தம்பிய வரவேணாம்னு சொல்லுன்னுட்டுப் போனாய்ங்கடா."

"அண்ணே..."

"நீ பிளேன் ஏறிப் போயிருவ. நாங்க இங்குட்டுத்தானடா கெடக்கணும்? ஒன்னைய யாரு எழுதச் சொன்னா? மில்லுல எழுதுறதுக்கு என்னடா இருக்கு?" அவர் அழுதார். முட்டி வலியில் அழுகிறாரா, கோபத்தில் அழுகிறாரா என்று தெரியவில்லை.

போக வேண்டாம் என்று முடிவு செய்தேன். அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டேன். உண்மையான பயம் வேறு. கூண்டில் ஏறினால் அந்தக் கடைசி வரியைப் பற்றிக் கேட்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நிலா என் கட்டுரையைப் படித்தாள். பதினாலு வயது. தமிழ் பேசினால் புரியும், எழுத்துக் கூட்டத் தெரியாது. எங்களோடு ஜெர்மன் மொழியில்தான் பேசுகிறாள். வீட்டில் நடக்கும் சண்டையைக் கேட்டுவிட்டு, போனில் இருக்கும் மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்திருக்கிறாள். அதோடு நிற்காமல் என் பழைய கட்டுரைகளையும் படித்திருக்கிறாள். என் அறைக்கு வந்து நின்று, எனக்காகச் சிரமப்பட்டுத் தமிழில் கேட்டாள்:

"அப்பா, இந்த அக்கா இத நெஜமாச் சொன்னாங்களா? ரெண்டு கை?"

"ஏன் கேக்குற?"

"எல்லாரும் கடைசில ஒரே மாதிரி பேசுறாங்க. பாட்டி, சிரியா அங்கிள், இவங்க. எல்லாரும் உங்க மாதிரி பேசுறாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. மேசையில் ஓங்கி அடித்தேன், காப்பிக் கோப்பை விழுந்து உடைந்தது. அவள் நகரவில்லை. ரயிலில் இருக்கைக்கு அடியிலிருந்து பார்த்த அதே கண்ணால் பார்த்தாள்.

"சொல்லல" என்றேன்.

"அப்ப அத ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

6

புது அட்டை கைக்கு வந்ததும் தையில் போனேன். சிவகங்கை நீதிமன்றத்துக்கு அண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு என்கூட வந்தார். உள்ளே கடைசி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

வசந்தி முன் வரிசையில் சேகரோடு இருந்தாள். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். எதிரே கூண்டில் செல்வம், நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சட்டை. ஆள் ரொம்ப ஒல்லி. நான் மனதில் ஒரு முரடனை வைத்திருந்தேன்.

அரசு வக்கீல் ஒலிப்பதிவைப் போட்டார். மில்லின் இரைச்சலும் தட்டில் விரல் படும் சத்தமும் முதலில் கேட்டன. பிறகு அவள் குரல், மண்வெட்டிக் காம்பு, பூட்டிய அறை, வெட்டுவேன் என்று அவன் சொல்லிவிட்டது. பதிவின் கடைசியில் என் குரல் கேட்கிறது: "பயமா இல்லையாம்மா?" அதற்கு அவள்: "பயந்தாண்ணே. கதவு ஆடுனாக்கூட பயந்தான். இந்தா, மணி அடிச்சுருச்சு. நெல்லு காஞ்சுபோயிரும், போகணும்."

உண்மையில் அவள் சொன்னது அதுதான். இது போதாது என்று நினைத்துத்தான் நான் வேறு எழுதினேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கையில் என் கட்டுரையின் நகல்.

"நீங்க எழுத்தாளரா?"

"பயணக் கட்டுரை எழுதுவேன்."

"கடைசி வரியைப் படிங்க."

படித்தேன்.

"இப்ப ஒலிப்பதிவு கேட்டோம். அதுல இந்த வரி இல்லையே. இத வசந்தி எப்பச் சொன்னாங்க?"

"சொல்லலைங்க."

"சத்தமா."

"அவங்க சொல்லவே இல்லைங்க. நானா எழுதினது."

"அப்ப நீங்க பொய் எழுதுற ஆளு."

"அந்த வரி பொய்தான். அதுக்கு முன்னாடி எழுதின ஆட்கள் சொன்னதாப் போட்ட கடைசி வரிகளும் பொய்தான்."

வக்கீல் நீதிபதியைப் பார்த்துத் திரும்பினார். இந்தச் சாட்சியை எப்படி நம்புவது என்று ஆரம்பித்தார். அதற்குள் கூண்டுக் கட்டை அதிர்ந்தது. செல்வம் இரண்டு கையாலும் அதை ஓங்கி அடித்துக்கொண்டு நின்றான்.

"கேட்டீகளாய்யா? அவளே சொல்லலையாம்! இவனா எழுதுனானாம்! ஊரே படிச்சுட்டு என்னையக் காறித் துப்புச்சுய்யா. டீக்கடையில வாசிச்சுக் காமிச்சாய்ங்க. இவன் எழுதாட்டி நான் எதுக்குய்யா அங்குட்டுப் போயி வெட்டப் போறேன்? இவன்தான்யா வெட்டுனான்! இவனப் புடிச்சு உள்ள போடுங்கய்யா!"

அவனுடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு அங்கே போகவே இல்லை என்று ஒன்றரை வருடம் சொன்ன வாய் அது. தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நீதிபதி அதை நிறுத்தச் சொல்லவில்லை.

இரண்டு போலீஸ்காரர்கள் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள். அவன் திமிறித் தலையால் ஒருவரின் மூக்கில் முட்டினான். ரத்தம் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. அந்த அமளியில் வசந்தி எழுந்து நின்றதை நான் கடைசியாகத்தான் கவனித்தேன். முந்தானையிலிருந்து கையை வெளியே எடுத்திருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே சுருங்கித் தைத்த முனை.

"எழுதுனது அவரு. வெட்டுனது நீ" என்றாள். கத்தவில்லை. "ரெண்டையும் ஒண்ணாக்காத."

நீதிபதி அவளை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள்.

அந்த இரண்டு வாக்கியத்தில் என்னை அவள் விடுவிக்கவில்லை. அவனையும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிய விடவில்லை. எனக்கு உரிய பங்கை அளந்து என்னிடம் கொடுத்துவிட்டாள்.

7

மதியம் நீதிமன்றத்துக்கு வெளியே அவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். சேகர் என்னைப் பார்த்ததும் முஷ்டியை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். வசந்தி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"மன்னிப்புக் கின்னிப்புன்னு கேக்காதீக" என்றாள். "கேட்டீகன்னா நான் எதாச்சும் சொல்லணும். சொன்னா எழுதிருவீக."

பஸ் வந்தது. சேகர் முதலில் ஏறி அவளுடைய வலது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

தீர்ப்பு மூன்று வாரத்துக்கு முன்னால் வந்தது. செல்வத்துக்குப் பத்து வருடம். மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். அண்ணன் கடையை மறுபடி திறந்துவிட்டார். என்னிடம் போனில் உர விலை பேசுகிறார், வேறெதுவும் பேசுவதில்லை. முட்டி மடங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். அதை அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வசந்தியும் சேகரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது பாண்டியம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

மேலே இருப்பதை எழுதி முடிக்க நாலு நாள் ஆயிற்று. பாண்டியம்மா மூலமாகச் சொல்லிவிட்டேன்: இப்படி ஒன்று எழுதியிருக்கிறேன், அவள் வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன். இரண்டு நாள் கழித்து, தன் நம்பர் எனக்குத் தெரியாதபடி பாண்டியம்மாவின் போன் வழியாகவே வசந்தி பேசினாள். "முழுசா வாசிங்க. எதையும் தாண்டக் கூடாது" என்றாள்.

கிடங்கு வாசலில் நின்றுகொண்டு வாசித்தேன். அரை மணி நேரத்துக்குமேல் ஆனது. இரண்டு இடத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லி, அதை எடுத்துவிடுங்கள் என்றாள். எடுத்துவிட்டேன். என்னவென்று நீங்கள் கேட்கக் கூடாது. அவளுடைய ஊர்ப் பெயர் இருக்கட்டுமா என்று கேட்டேன். "அதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே" என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் அவள் சொன்ன இடம் வந்தபோது நானாகவே நிறுத்தினேன்.

"இத எடுத்துரவாம்மா?"

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"வேணாம், இருக்கட்டும்" என்றாள். "அது நான் சொன்னதுதான்."